ஒரு தடவைக்கு ஒரு பார்ட்டு

என் கணினியைத் திட்டுவதற்கு எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு என்று நினைத்திருந்தவள் நான். வேறு யாராவது வந்து, "இந்தக் கிழட்டு டப்பாவையா இன்னும் கட்டி அழற?" என்று கேட்டால் சுருக்கென்று கோபம் வரும். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் வாங்கியது. அவள் படித்து முடித்து, வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள். இது மட்டும் படுக்கையறை ஜன்னலோரம் அதே மேசைமேல் உறுமிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெட்டி, லேபிள், பை, பாட்டில்மேல் சுற்றுகிற தாள் என்று, கடையில் ஒரு பொருளுக்கு மேலே என்னவெல்லாம் அச்சாகி இருக்குமோ அதையெல்லாம் நான் அதில்தான் வடிவமைத்துக் கொடுத்தேன். அதுதான் என் பிழைப்பு.

பிழைப்பு என்பது சும்மா அடக்கத்துக்குச் சொல்வது. உண்மையில் எனக்கு அதில் கொள்ளைத் திமிர். அச்சகத்தில் என்னைப் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேரேதான். ஒரு கோடு மயிரிழை விலகியிருந்தாலும், ஒரு சிவப்பு கொஞ்சம் பழுப்பு அடித்தாலும், தாளைக் கையில் வாங்கிய உடனே சொல்லிவிடுவேன். அச்சகக்காரர் லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாம்மா, இருக்கு" என்பார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட "இல்லை" என்று சொன்னது கிடையாது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் பாதி வழியில் நின்றுபோகும் லிஃப்ட்டுகளை மறுபடி ஓட வைப்பவர். வாய் அதிகம் கிடையாது. அந்தக் குறையை நான் தீர்த்து வைத்தேன். வீட்டில் மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எது மக்கர் பண்ணினாலும் வெளியாள் உள்ளே வரக்கூடாது. அவரே பிரிப்பார், அவரே மாட்டுவார். அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"ஒரு தடவைக்கு ஒரு பார்ட்டுதான் மாத்தணும். மாத்திட்டு நல்லா ஓட்டிப் பாக்கணும். நாலையும் ஒண்ணா மாத்தினா, எது கெட்டிருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

லிஃப்ட்டுக்கு அது நல்ல சட்டம்தான். யார் இல்லை என்றார்கள்.

போன மழைக்கு முன்னால் கணினி என் பொறுமையைச் சோதிக்க ஆரம்பித்தது. ஒரு பெட்டியின் கோப்பைச் சேமிக்கச் சொல்லிவிட்டுப் போய், டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால், அந்த நீலப்பட்டை பாதியில் நின்றுகொண்டிருக்கும். நான் கத்தினேன். அது அசையவில்லை. இவர் வந்து, "புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்றார்.

"வேண்டவே வேண்டாம். என் எழுத்துருவெல்லாம் இதுலதான் இருக்கு. பழைய வேலையெல்லாம் இதுலதான் இருக்கு. புதுசுல எதை எங்க தேடுவேன்? இதையே சரி பண்ணிக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை விரித்து, கணினியைப் படுக்கப் போட்டு, பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு தலையணை தைக்கிற அளவுக்குப் பஞ்சு. "இதுக்குள்ள எப்படி மூச்சு விட்டுச்சு பாவம்" என்று பிரஷ்ஷால் தட்டினார். நினைவகத்துக்கு இன்னொரு ராம் சில்லு சேர்த்தார். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புதுசாக எஸ்எஸ்டி போட்டார். என்னத்தைச் சொல்ல, பறந்தது! சேமிக்கச் சொல்வதற்குள் சேமித்துவிட்டது. இனிமேல் டீ குடிக்க நேரமே கிடைக்காது என்று அவரைக் கிண்டல் பண்ணினேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சின்னப் பையன்போல வெட்கப்பட்டார்.

வினை இங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் பெட்டிக்கு நிஜமாகவே வயதாகியிருந்தது, நிஜமாகவே கோளாறு இருந்தது, மாற்றியதும் நிஜமாகவே சரியானது. அதனால் அடுத்து எது வந்தாலும் அதுவும் பெட்டியின் கோளாறுதான் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"என்னங்க, இந்த மவுஸ் அம்பு திடீர் திடீர்னு காணாமப் போகுது."

"எங்க போகுது?"

"தெரிஞ்சா நான் ஏன் உங்களக் கூப்பிடறேன்? வலது பக்கம் கொண்டு போனா முழுங்கிடுது. அப்புறம் ஆட்டி ஆட்டித் தேட வேண்டியிருக்கு."

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, அம்பை நாலு மூலைக்கும் ஓட்டிப் பார்த்தார். "எனக்குப் போகலையே."

"உங்களுக்கு எப்படிப் போகும்? கொசு அடிக்கிற மாதிரி அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. வேலை செய்யறப்பதான் போகுது."

மவுஸை மாற்றினார். ஓட்டிப் பார்த்தோம். போய்க்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டுதான் என்று முடிவானது. மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அதை வாங்கி வந்தார். அதற்குத் தேவையான மின்சாரத்தைப் பழைய பவர் சப்ளை தராது என்று தெரிந்து, அதையும் தேடிப் பிடித்து மாற்றினார். தன் சட்டத்தை மீறி ஒரே நாளில் இரண்டு பார்ட்டு மாற்ற வேண்டி வந்ததில் அவருக்கு மனசே ஆறவில்லை. மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அம்பு தொலைவது கொஞ்சம் குறைந்ததுபோல எனக்குத் தோன்றியது. அவ்வளவு பாடுபட்டு ஒரு மனிதர் மாற்றிக் கொடுத்தால், குறைந்ததுபோலத்தான் தோன்றும்.

அதற்கப்புறம் திரை. வலது பக்கம் மங்கலாக இருந்தது. அங்கேதான் வரைகிற மென்பொருளின் கருவிப்பட்டைகள் இருக்கும். கருஞ்சாம்பல்மேல் வெளிர்சாம்பல் எழுத்து. எந்தப் புண்ணியவான் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தானோ என்று தினமும் சபித்தேன். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரத்துணியால் துடைத்தார். திரை முழுக்க வெள்ளையாக்கி, தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், ஜன்னலைச் சாத்திவிட்டும் பார்த்தார்.

"எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதாம்மா தெரியுது."

"உங்க கண்ணும் என் கண்ணும் ஒண்ணா?"

அவர் சாத்திய ஜன்னலைத் திறந்துவிட்டார். "அதுவும் சரிதான்" என்றார்.

அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே பளார் என்று ஒன்று வைக்கலாம்போல இருக்கிறது. வேறு யார் வீட்டிலாவது ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால், "திரை நல்லாத்தான் இருக்கு, நீ கண்ணைக் காட்டு" என்று புருஷன் சொல்லியிருப்பான். என் புருஷன் தன் இரண்டு கண்ணால் நேரில் பார்த்ததைத் தள்ளிவிட்டு, நான் சொன்னதை நம்பினார். பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டவர், பாவம்.

திரையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு பழுதும் இல்லம்மா. பழசுதான், ஆனா நல்லா இருக்கு" என்றார். நான் எகிறினேன். அவரும் விடவில்லை. கடையில் நின்றிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான், வெளியிடத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார்.

"அவ சொன்னா இருக்குங்க. அவ கண்ணு தப்பாது."

எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை! வடிவமைப்பாளர்களுக்கென்றே செய்த பெரிய திரையை வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் அவர் மடியில் அதுவும், அவர் பக்கத்தில் நானுமாகத் திரும்பினோம். புதுத் திரை பளீரென்று இருந்தது. அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நாள் எல்லாம் தெரிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நிம்மதியானேன்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வந்தாள். இவருடைய தங்கை. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள், சிறு வயதிலிருந்தே. அவளுக்குக் காபி எடுத்துக்கொண்டு வந்தவள், திறந்திருந்த அலமாரிக் கதவில் தோளை இடித்து, பாதிக் காபியைத் தரையில் கொட்டினேன். உட்கார்ந்து பேசும்போது வலது கைப்பக்கம் இருந்த தண்ணீர் டம்ளரையும் தட்டிவிட்டேன். அவள் துடைத்துக்கொண்டே, "அண்ணி, கண்ண ஒரு தடவ காட்டிட்டு வாங்களேன்" என்றாள்.

"எதுக்கு? என்னையும் உன் கட்சியில சேத்துக்கவா? அந்தத் தெருக்கோடி மருந்துக்கடை போர்டை இங்க இருந்தே படிப்பேன். ஊசியில நூல் கோக்கலாம், வர்றியா பந்தயத்துக்கு?"

கோத்தும் காட்டினேன், ஒரே முயற்சியில். நேரே பார்ப்பதெல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அதுதான் அந்த நோயின் நரித்தனம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். நாத்தனார் தான் தோற்றதற்குச் சிரித்துவிட்டு, போகிறபோக்கில் ஒன்று விட்டாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க கம்ப்யூட்டரையே மாத்திக்கிட்டு இருங்க அண்ணி."

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. அதற்கப்புறம் வெகுநாள் அவள் போன் பண்ணினால் இவரிடம் கொடுத்துவிடுவேன். அவள் அந்தப் பழமொழியைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் போய்க் காட்டியிருப்பேனோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதுவும் பொய். போயிருக்கமாட்டேன்.

அன்றைக்கு அவள் போன பிறகு இவர், "அவ சொல்றாளேன்னு இல்ல, வேணும்னா ஒரு தடவ..." என்று இழுத்தார். நான் பார்த்த பார்வையில் அப்படியே பேச்சை மாற்றி, "சரி சரி, புதுத் திரைதானே, ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம்" என்றார். மாதம் ஒன்றோடு நிற்கவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தோம்.

பிறகு கலர் பென்சில் பெட்டி வேலை வந்தது. பெரிய வேலை. பழைய கணினியாக இருந்தால் திணறியிருக்கும், இதில் வழுக்கிக்கொண்டு போனது. நான் ரொம்ப ரசித்துச் செய்த வேலை அது. வாடிக்கையாளருக்கு வரைவை அனுப்பும்போது, மேலே வலது மூலையில் வெளிர் சாம்பலில் 'மாதிரி' என்று ஒரு வார்த்தை போட்டு அனுப்புவது என் வழக்கம். அதைக் கொண்டுபோய் வேறு எங்காவது அச்சடித்துவிடக் கூடாதே! ஒப்புதல் வந்த பிறகு அதை அழித்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புவேன். இந்தத் தடவையும் அனுப்பினேன்.

அச்சகக்காரர் போன் பண்ணாமல் நேரே வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் மாடி ஏறி வந்ததே கிடையாது. இவரும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அச்சகக்காரர் உட்காரவில்லை. இன்னும் மடிக்காத பெட்டி அட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"பாருங்கம்மா."

பார்த்தேன். பச்சை அருமையாக வந்திருந்தது. பென்சில் முனைகளின் நிழல்கள் எல்லாம் நான் நினைத்தபடியே விழுந்திருந்தன. "நல்லா வந்திருக்கேங்க! இதச் சொல்லவா மாடி ஏறி வந்தீங்க?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இவரைப் பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டி அட்டையின் வலது மூலையில் வைத்தார். "இது என்னம்மா?"

விரல் வைத்த இடத்துக்கு முகத்தைத் திருப்பினேன். அப்போதுதான் அது வந்தது. 'மாதிரி.' அச்சடித்த அத்தனை பெட்டியிலும் இருந்தது.

"நீங்க அனுப்பினா நாங்க பாக்கறதில்லம்மா" என்றார் அச்சகக்காரர். கோபமே இல்லாமல், குற்றவாளி அவர்தான் என்பதுபோலச் சொன்னார். "பூதக்கண்ணாடி பாத்தத நாங்க என்ன பாக்கறதுன்னு, அப்படியே ஓட்டிட்டோம்."

நான் வாயைத் திறந்து, வழக்கம்போல, அந்தத் திரை வலது பக்கம் மங்கல் என்று சொல்லப் போனேன். கையில் இருந்தது அட்டை. அட்டைக்கு ஏது கிராபிக்ஸ் கார்டு, அட்டைக்கு ஏது திரை? இவருக்கும் அதே நொடியில் அது தைத்திருக்க வேண்டும். மெதுவாக வந்து அட்டையை என் கையிலிருந்து வாங்கினார்.

"நேரா என் மூக்கப் பாரு" என்றார். அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்து, வலது பக்கமாக நகர்த்தினார். "தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது."

"இப்ப?"

அட்டையைக் காணோம். அது ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கண் மருத்துவமனையில் ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தாமல் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். டாக்டர் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது என்றாள். "இது எப்பலேருந்தும்மா? மொதல்ல எப்ப கவனிச்சீங்க?"

இவர்தான் சொன்னார். கைகட்டிக்கொண்டு, மேலதிகாரியிடம் சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னார்.

"ராம் போட்டது மழைக்கு முன்னாடி டாக்டர். அப்ப ஒண்ணும் தெரியல. எஸ்எஸ்டி போட்ட பிறகு அம்பு காணாமப் போச்சு. பொண்ணு லீவுக்கு வந்தப்ப கார்டும் பவர் சப்ளையும் மாத்தினேன். திரை மாத்தினது அதுக்கப்புறம்."

"யாருக்கு என்ன மாத்தினீங்க?" என்று டாக்டர் குழம்பினாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்பு காணாமப் போனப்பவே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டார் இவர்.

"அத இப்பப் பேசி என்ன ஆகப் போகுது சார். இருக்கறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்த ஒரு வேளைகூட விடாமப் போடுங்க. போனது திரும்ப வராது."

"எதையாவது மாத்த முடியும்னா சொல்லுங்க டாக்டர். எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சிடுவேன். கிடைக்காத பார்ட்டெல்லாம் நான் வாங்கியிருக்கேன்."

"நரம்பு சார் அது" என்றாள் டாக்டர். "அத மாத்த முடியாது."

அவர் தலையை ஆட்டினார். கிளம்பும்போது, அந்த இயந்திரம் போட்டுத் தந்த படத்தை ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். என் பார்வையின் வரைபடம் அது. தெரிகிற இடம் வெள்ளை, தெரியாத இடம் கறுப்பு. வலது பக்கம் பெரும்பாலும் கறுப்பு. பேருந்தில் வழி முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார், லிஃப்ட்டின் வயரிங் படத்தைப் பார்ப்பதுபோல.

இப்போது காலையிலும் மாலையிலும் சொட்டு மருந்து. அவர்தான் விடுகிறார். அலமாரிக் கதவைக் கழற்றி வைத்துவிட்டார். சாப்பிடும்போது தண்ணீர் என் இடது பக்கம்தான் வைக்கப்படும். தெருவில் எனக்கு வலப்பக்கம்தான் நடப்பார். கணினியில் அம்பைப் பெரிதாக்கி மஞ்சளாக்கிக் கொடுத்தார், கருவிப்பட்டையை இடது பக்கம் கொண்டுவந்தார். அதற்கென்ன குறை, ராஜா மாதிரி ஓடுகிறது. அச்சகக்காரர் நல்ல மனிதர், சின்னச் சின்ன லேபிள் வேலைகள் தருகிறார். பெரிய பெட்டிகள் வேறு யாரிடமோ போகின்றன.

இவரோடு சண்டை போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. "அவ கண்ணு தப்பாது" என்று சொன்ன மனிதரை எதைச் சொல்லித் திட்டுவது? என்னைத் திட்டிக்கொள்ளலாம். திட்டிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கில்லை. நூல் கோத்துக் காட்டிய அந்தத் திமிர் நினைவுக்கு வரும்போதெல்லாம் இன்னும் இரண்டு சேர்த்துத் திட்டிக்கொள்கிறேன்.

நேற்று மாலை ஒரு தேன் பாட்டில் லேபிள் செய்துகொண்டிருந்தேன். இவர் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு, அறைக்குள் வந்து நின்ற சத்தம் கேட்டது. எனக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி. சோப்பு வாசனை வந்தது. வேலையைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம். சளி பிடித்திருக்கிறது, கஷாயம் போட வேண்டும் என்று நினைத்தேன். மறுபடி உறிஞ்சல். அப்புறம் மூச்சு விட்டு விட்டு வந்தது, அதை அடக்குவதும் கேட்டது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழுவதற்கு இந்த வீட்டில் குளியலறை இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது. அவர் என் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார். அந்தப் படத்தை மனப்பாடம் செய்துவிட்ட மனிதர், எனக்கு எதுவரை தெரியும், எங்கிருந்து தெரியாது என்று அளந்து, அந்தக் கறுப்புக்குள் போய் நின்றுகொண்டு அழுகிறார். இதற்கு முன்னாலும் எத்தனை நாள் அப்படி நின்றாரோ தெரியாது.

தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், முழுசாகத் தெரிவார்.

"என்னங்க, இந்த மஞ்சள் கொஞ்சம் கூடுதலா இருக்கா?" என்று கேட்டேன், திரையைப் பார்த்துக்கொண்டே.

துண்டால் முகத்தைத் துடைக்கிற சத்தம் கேட்டது. "இல்லம்மா, சரியா இருக்கு" என்றார்.

நான் திரும்பவில்லை.